முதல் பத்து நிமிடம்

பேருந்துக்குக் காத்து நின்றே
நான்கு குளிர்காலம் கழித்தவன் நான்.
நிற்பதுதான் குளிர், நகர்வதல்ல என்று
ஐந்தாவதில்தான் உறைத்தது.

நடைபாதையிலிருந்து ஏழு படி
கீழே இறங்கினால் ஆர்மெலின் கடை.
"புதுசா வாங்காதே," என்றாள்.
"மாண்ட்ரியல் தெருவுல கொட்டுற உப்பு எதையும் தின்னும்.
தின்னக் கொடுக்க மனசு வர்றதைக் கொண்டு வா."
கொண்டுபோனேன்:
பச்சை, ஒரே கியர்,
மச்சினன் விட்டுப்போனது.
அவன் திரும்பக் கேட்க மாட்டான்,
நாங்கள் பேசுவதில்லை.

ஆணி பதித்த டயர் இரண்டு மாட்டினாள்.
அதில் கொஞ்சம் காற்றைப் பிடுங்கினாள்.
இருக்கையை இரண்டு விரற்கடை இறக்கினாள்.
பில் போடும்போது, தலை நிமிராமல்:
"கிளம்பும்போது குளிரணும்.
குளிரலேன்னா அதிகமா போட்டிருக்கேன்னு அர்த்தம்.
பத்து நிமிஷம் பொறுத்துக்கோ."

மைனஸ் பத்தொன்பது. இன்னும் விடியவில்லை.
முதல் நிமிடம்: மூக்கு மயிர் கம்பியானது.
மூன்றாவதில் நெற்றி எனக்குச் சொந்தமில்லை.
ஐந்தாவதில், திரும்பிவிடலாமே என்று
மிக நியாயமான ஒரு குரல் சொன்னது.
என் குரல்தான்.
சிவப்பு விளக்கில் நின்று
ஒட்டிக்கொண்ட இமைகளைக்
கையுறையால் பிரித்தேன்.
பிறகு எப்போது என்று தெரியாது,
விலா எலும்புக்குப் பின்னால்
யாரோ அடுப்புப் பற்றவைத்தார்கள்.

வெறும் தாரில் ஆணிகள்
கடுகாகப் பொரிந்தன.
பனிக்கட்டியில் ஏறியதும் வாய்மூடின.
இப்போது அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன்:
சத்தம் நின்றால்
பிரேக்கைத் தொடாதே,
கைப்பிடியைத் திருப்பாதே,
மூச்சை மட்டும் விடு.

எல்லாம் தெரிந்தும்
ஆறாம் நாள் விழுந்தேன்.
விழ எத்தனையோ இடம் இருக்க,
என் பழைய நிறுத்தத்துக்கு எதிரே,
நான்கு வருடம் என்னோடு நின்ற
அதே ஏழு பேர் முன்னால்.
கார் போன தடம் தண்டவாளமாக உறைந்திருந்தது;
முன்சக்கரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
அடியில்லை. உடுத்தியிருந்தது அத்தனை.
பரணிலிருந்து மெத்தை விழுந்த சத்தம்தான் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டம்.
சிவப்புத் தொப்பிக்காரி
(மதாம் பெல்ரோஸ், பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது)
சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு
"விளக்கு இன்னும் எரியுது," என்றாள்.
எங்களுக்குள் முதல் பேச்சு.
பேருந்து வந்தது. ஏறிப் போனார்கள்.
ஆவி படிந்த ஜன்னலில் ஒரு கை;
துடைத்ததா, அசைத்ததா
தெரியவில்லை.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
உலர்த்தியிலிருந்து வரும் முதல் மூட்டைக்குள்
முழங்கைவரை கைகளைச் செருகி நிற்பேன்.
மேற்பார்வை ஓவிலா
பார்க்காதவன்போல் கடந்துபோவான்.
கிழிந்த துண்டு ஒன்று வீட்டுக்கு வரும்,
சங்கிலி துடைக்க.
ஒரு ராத்திரி துடைக்காமல் விட்டால்
காலையில் அது உப்புக்கண்டம்.

நேற்று இரவெல்லாம் பெய்தது.
கால்வாய்ப் பாதைக்குப்
பனி அள்ளும் வண்டி இன்னும் வரவில்லை.
ஆனால் எனக்கு முன்னே
ஒரு கோடு.
ஒற்றைக் கோடு, ஓரங்களில் ஆணிப் புள்ளிகள்.
ஓரிடத்தில் நெளிந்து,
பக்கத்தில் ஒரு கால் ஊன்றிய குழி,
பிறகு நேராகப் போயிருந்தது.
அந்தக் குழியருகே நானும் மெதுவானேன்.
யாரென்று தெரியாதவர் தடுமாற்றத்தில்
என் சக்கரம் பத்திரமாக உருண்டது.

பாலத்தடியில் கோடு
இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டது.
எனக்கு நேரே போகவேண்டும்.
நேரே ஒன்றுமே எழுதப்படவில்லை,
கணுக்கால் ஆழத்துக்கு வெள்ளை.
ஒரு காலை ஊன்றி
கடிகாரத்தைப் பார்த்தேன்.
எட்டு நிமிடம்.

இன்னும் இரண்டு நிமிடம் குளிரும்.